ஆய்வுக்கூடமும் அறப்பணியே
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

உயிர்மருத்துவ அறிவியல் பயில விரும்பும் பெண்மக்களிடம், "ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து என்ன பயன்?" என்று கேட்கிறோம்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு பயின்ற நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் இரத்த மாதிரிகளைச் சேகரித்து, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்தார். கணவருடன் இரவு ரயிலில் காட்பாடி வந்திறங்கி, நம் அண்டை ஊரான வேலூரின் சி.எம்.சி.யில் அவற்றைப் பரிசோதித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. பரவியிருப்பது அப்போதுதான் முதன்முதலாகத் தெரியவந்தது. நாடு விழித்துக்கொண்டது.

தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்கு ஈந்தவர்கள் நம் முன்னோர். 1965இல் இவ்வூரில் அப்துல் ஹக்கீம் கல்லூரி எழுந்தது. நம் பங்கு யாது? விரும்பிக் கேட்கும் மகளைத் தடுக்காதீர். கட்டணத்திற்குத் தவிப்போருக்குக் கைகொடுப்பீர். வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.