அத்தை தூக்கிய குடம்



கணக்கு படித்தவள் நாற்பது வயசில் பொம்மைப்படம் படிக்கப் போனாளே என்று கேலி செய்தீர்கள். சரிதான்! இணையவழி வகுப்பு, கலிபோர்னியாவில் மாலை ஏழு மணி என்றால், அங்கே கோடையில், நமக்குக் காலை ஏழரை. பிள்ளைகளுக்கு டிபன் கட்டுகிற நேரம்.

முதல் பாடம், பந்து குதிப்பது. விநாடிக்கு 24 படம். பந்து உச்சிக்குப் போகப்போக படங்கள் நெருங்கும், விழ விழ இடைவெளி அகலும். அது பிடிபடவே மூன்று வாரம்.

அடுத்து, பாரம் தூக்கும் பெண். "கனமே தெரியலை" என்று திருப்பிவிட்டார் ஆசிரியர். வீட்டில் அத்தை தண்ணீர்க்குடம் தூக்குவதைப் பார்த்தேன். தூக்குமுன் ஒரு சின்னக் குனிவு. டிஸ்னி ஓவியர்கள் பிராங்க் தாமசும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் எழுதிய புத்தகத்தின் 12 விதிகளில் இந்த முன்னசைவும் ஒன்று. குடம் இடது இடுப்பில் ஏறியதும் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது.

"இன்னொரு தரம் தூக்குங்கத்தை" என்று செல்போனில் பிடித்தேன். நாலாவது தரம் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் படுக்கை. வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. படிப்பே வேண்டாம் என்று கணினியை மூடிவிட்டேன். அத்தைதான், "அப்ப நான் தூக்கினது வீணா?" என்றார். மறுநாள் டிபன் கட்டியது வீட்டுக்காரர்.

முடித்த படத்தை அத்தைக்குத்தான் முதலில் காட்டினேன். "என் இடுப்பு இவ்வளவா ஆடுது?" என்றார்.