மச்சான் பிடிக்கிற கயிறு

(தலைப்பு: நகர மக்களின் அச்சத்தைப் போக்க வல்லது ஆயுதமா? நம்பிக்கையா? – ‘நம்பிக்கையே’ என்ற அணியில் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! இதுவரைக்கும் வாய்ச்சொல்லாலேயே எங்களைச் சுட்டுத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! முத்துநகரத்துப் பெருமக்களே! அடுப்பிலே பாலை வச்சிட்டு, பொங்கிடுமோ பொங்கிடுமோன்னு ஒரு கண்ணை அங்கேயும் ஒரு கண்ணைத் தொலைக்காட்சியிலேயும் வச்சிருக்கிற தாய்மார்களே! 

எதிரணித் தலைவர் ரொம்ப ஆவேசமாகப் பேசினார். “ஊர் கெட்டுப் போச்சு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேலே வெளியே போன பிள்ளை வீடு வந்து சேருமான்னு பெத்தவங்க பதறுறாங்க. நல்லவன் கையிலே துப்பாக்கியைக் கொடு, போலீசுக்கு முழுச் சுதந்திரம் கொடு, நாலு பேரைச் சுட்டா நாப்பது பேர் அடங்குவான்” என்றார். நீங்களும் கைதட்டினீங்க.

நடுவர் அவர்களே, எங்க வீட்டிலே துப்பாக்கி கிடையாது. ஆனாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேலே நான் வெளியிலே தங்குறதில்லை. (சிரிப்பு) ‘அது பயம்தானே’ன்னு நடுவர் சிரிக்கிறார். இல்லைங்க ஐயா. நான் வர்ற வரைக்கும் சாப்பிடாமல் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்னு எனக்குத் தெரியும். நான் வந்துவிடுவேன்னு அவளுக்குத் தெரியும். எங்க வீடு இத்தனை வருஷம் நடக்கிறது அந்த ஒரு கணக்கிலேதான். (கைதட்டல்)

ஆனால் ஒன்றை நான் மறுக்கவில்லை. மக்களுக்கு அச்சம் இருக்கிறது. நியாயமாகவே இருக்கிறது. இந்த மாவட்டத்திலேயே பாருங்க. 2020 ஆகஸ்டிலே வல்லநாடு பக்கம் ஒரு ரவுடியைப் பிடிக்கப் போன இளம் காவலர், நாட்டு வெடிகுண்டு வீச்சிலே உயிரை விட்டார். 2023 ஏப்ரலிலே முறப்பநாட்டிலே மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை, பட்டப்பகலிலே அவருடைய ஆபீசுக்குள்ளேயே புகுந்து வெட்டிக் கொன்றார்கள். அரசாங்க நாற்காலியிலே உட்கார்ந்திருந்த மனுஷனுக்கே இந்தக் கதின்னா, கடைத்தெருவிலே நிற்கிற நமக்கு என்ன உத்தரவாதம்? இந்தக் கேள்வி எதிரணிக்கு மட்டும் சொந்தமில்லை. எங்களுக்கும் அதே வயிற்றெரிச்சல்தான். நோய் ஒன்றுதான், மருந்திலேதான் தகராறு.

முதலிலே, நல்லவன் கையிலே துப்பாக்கி. நம்ம நாட்டிலே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. எதிரணிச் சகோதரி அதைத் தளர்த்தணும்னு சொன்னாங்க. தளர்த்தின நாட்டைப் போய்ப் பார்த்துட்டு வருவோமே. அமெரிக்காவிலே ஆள் எண்ணிக்கையை விடத் துப்பாக்கி எண்ணிக்கை அதிகம். 2021ஆம் ஆண்டு ஒரே வருஷத்திலே அங்கே துப்பாக்கியாலே செத்தவர்கள் 48,000 பேருக்கு மேலே. அதிலே பாதிக்கு மேற்பட்டவர்கள் யார் சுட்டுச் செத்தார்கள் தெரியுமா? திருடன் சுடவில்லை, ரவுடி சுடவில்லை. தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்கள்! திருடனுக்குன்னு வாங்கி அலமாரியிலே வச்ச துப்பாக்கி, மனசு ஒடிஞ்ச ஒரு ராத்திரியிலே வீட்டு ஆளையே தேடி வந்திடுது.

நம்ம வீடுகளை நினைச்சுப் பாருங்க. பொங்கல் சீர் குறைஞ்சதுக்கும், வேலிக்காலை ஒரு அடி தள்ளி நட்டதுக்கும் அண்ணன் தம்பி மூணு வருஷம் பேசாம இருக்கிற ஊர் இது. அந்தக் கோபம் வந்த நிமிஷத்திலே கையிலே என்ன இருக்கணும்னு நினைக்கிறீங்க? செம்பு இருந்தா செம்பு பறக்கும். நெற்றியிலே ஒரு தையலோடு போகும். தீபாவளிக்கு ஒண்ணாக உட்கார்ந்து சாப்பிடலாம். துப்பாக்கி இருந்தா? அடுத்த தீபாவளிக்கு இலை போட ஆள் இருக்காதே!

ஆஸ்திரேலியாவிலே 1996ஆம் ஆண்டு போர்ட் ஆர்தர் என்ற ஊரிலே ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அந்த நாடு என்ன செய்தது? எல்லோருக்கும் ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்ததா? சட்டத்தை இறுக்கி, காசு கொடுத்து ஜனங்களிடமிருந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கி அழித்தது. சுடுபட்டவன் படித்த பாடம் அது ஐயா.

அடுத்தது, ‘போலீசுக்கு முழுச் சுதந்திரம் கொடு.’ நடுவர் அவர்களே, இதை மதுரையிலே சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பேன். இதைத் தூத்துக்குடி மேடையிலே நின்று சொன்னார்கள். அதனாலே தூத்துக்குடிதான் பதில் சொல்லணும்.

2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி நடந்த போராட்டத்தின் நூறாவது நாள். கைக்குழந்தையை இடுப்பிலே வைத்துக்கொண்டு தாய்மார்கள் கலெக்டர் ஆபீசை நோக்கி நடந்தார்கள். அன்றைக்குக் கல் எறிந்தவர்கள் உண்டு, வண்டிக்குத் தீ வைத்தவர்கள் உண்டு என்று எதிரணியிலே சொன்னார்கள். கல் எறிந்தது தப்பு, தீ வைத்தது தப்பு. நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தப்புக்கு ஒரு சட்டம் இருக்கிறது. கூட்டத்தைக் கலைக்கிறதுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலிலே எச்சரிக்கை, அப்புறம் கண்ணீர்ப் புகை, தடியடி, வேறு வழியே இல்லையென்றால்தான் துப்பாக்கி, அதுவும் உயிர் போகாதபடி, தாழக் குறிவைத்து. அன்றைக்கு நடந்தது என்ன? மறுநாளும் சேர்த்து 13 உயிர் போனது. அதிலே பெண்களும் உண்டு, படிக்கிற பிள்ளையும் உண்டு.

இதை நான் மேடைக்காகச் சொல்லவில்லை. அரசாங்கமே அமைத்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் சொன்னது. ஓடுகிற ஜனங்களை நோக்கி, மறைவான இடத்திலிருந்து சுட்டிருக்கிறார்கள் என்று அந்த ஆணையம் எழுதியது. 17 காவல்துறையினர் மீதும், அன்றைய கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரை செய்தது. ‘முழுச் சுதந்திரம்’ எப்படி இருக்கும் என்று எங்களுக்கு நீங்கள் விளக்க வேண்டாம் ஐயா. இந்த ஊர் அதைப் பார்த்துவிட்டது. (கைதட்டல்)

இலக்கியத்துக்கு வாங்க. இதோ பக்கத்திலே தாமிரபரணிக் கரையிலே கொற்கை இருக்கிறதே, ஒரு காலத்திலே பாண்டியனுடைய துறைமுகம். இன்றைக்குக் கடல் விலகிப்போய், வயலுக்கு நடுவிலே ஒரு சின்ன ஊர். சிலப்பதிகாரத்திலே அந்தக் கொற்கைக்கு ஒரு இடம் உண்டு. மதுரையிலே பாண்டியன் நெடுஞ்செழியன், ஒரு பொற்கொல்லன் சொன்ன பொய்யை விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்னான். ‘நாலு பேரைச் சுட்டா ஊர் அடங்கும்’ என்ற அதே நினைப்பு! அடங்கியதா? மதுரையே எரிந்தது. ஆனால் அந்த ராஜாவிடம் ஒரு பெருமை: தன் தப்பு தெரிந்த அந்தக் கணமே சிம்மாசனத்திலிருந்து விழுந்து உயிரை விட்டான்.

இந்த இடத்தோடு எல்லோரும் கதையை நிறுத்திவிடுவார்கள். மிச்சம் கொற்கையிலே இருக்கிறது. கொற்கையில் இருந்த இளவரசன் வெற்றிவேற்செழியன், கண்ணகியின் கோபத்தைத் தணிக்க என்ன செய்தான்? ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான். திருடினது ஒருத்தன், செத்தது ஆயிரம் பேர்! அந்த ஆயிரம் பேரிலே எத்தனை பேர் அந்தச் சிலம்பைக் கண்ணாலேயாவது பார்த்திருப்பான்? அந்த ஆயிரம் வீட்டிலேயும் எத்தனை கண்ணகி அழுதிருப்பாள்? அவளுக்காக எழுத எந்த இளங்கோவும் வரவில்லையே ஐயா! விசாரிக்காத தண்டனையிலே இதுதான் ஆபத்து. குற்றவாளியோடு நிற்காது. அவன் ஜாதி, அவன் தெரு, அவன் பக்கத்திலே நின்றவன் என்று போய்க்கொண்டே இருக்கும்.

சரி, ‘அப்போ ரவுடியை எப்படி அடக்குவது? பூ கொடுத்தா?’ என்று எதிரணி கேட்கும். கேளுங்க, சொல்றேன்.

ஒரு ரவுடிக்கு உண்மையிலேயே பயம் எது? தோட்டா இல்லை. சாட்சி! ‘நான் பார்த்தேன், இவன்தான் வெட்டினான்’ என்று கோர்ட்டிலே கை நீட்டுகிற ஒரு டீக்கடைக்காரர். அந்த டீக்கடைக்காரர் எப்போது வாயைத் திறப்பார்? ஸ்டேஷன் வாசற்படி ஏறினால் மரியாதையோடு திரும்பி வரலாம் என்ற நம்பிக்கை இருந்தால்தான். போலீசைப் பார்த்து ஊர் பயந்துவிட்டால் முதலிலே நிற்பது என்ன தெரியுமா? தகவல். தகவல் நின்ற அன்றைக்கே ரவுடிக்குப் பட்டாபிஷேகம். துப்பாக்கியாலே ஊரைப் பயமுறுத்துகிற காவல்துறை, தன்னை அறியாமல் ரவுடிக்குத்தான் வேலை பார்க்கிறது.

நான் சொல்றதுக்கு ஆதாரம் வேணுமா? அதே முறப்பநாட்டு வழக்கையே எடுத்துக்குங்க. கொலை நடந்தது ஏப்ரல். அதே 2023 செப்டம்பரிலே இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை. ஐந்தே மாதம்! யாரையும் சுட்டுத் தள்ளவில்லை. சாட்சி வந்தது, வழக்கு ஓடியது, தீர்ப்பு விழுந்தது. இன்னொரு பக்கம் பாருங்க. 2018லே நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றிய ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்து சேர்ந்தது 2022 அக்டோபரிலே. நாலு வருஷத்துக்கு மேலே! ஒரே மாவட்டம்தான். சட்டம் நினைத்தால் ஓடும், நினைத்தால் நொண்டும். ஓடுகிற சட்டம்தான் தாய்மார்களுக்குத் தூக்கம் தரும்.

காவல்துறையிலே நல்லவர்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2020 ஜூனிலே சாத்தான்குளம் காவல் நிலையத்திலே அடிபட்டுத் தகப்பனும் மகனும் செத்தார்கள். ஊரடங்கு நேரத்திலே கடை திறந்திருந்தார்கள் என்பதுதான் அவர்கள் மேலே சொல்லப்பட்ட குற்றம். விசாரிக்க மாஜிஸ்திரேட் போனபோது, அந்த நிலையத்திலேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரையும் மீறி, ராத்திரி நடந்ததைச் சாட்சியாகச் சொன்னார். நடுவர் அவர்களே, அன்றைக்கு அந்தம்மா கையிலே துப்பாக்கி இல்லை. ஒரு வாக்குமூலம் இருந்தது. காவல்துறையின் மானத்தை அன்றைக்குக் காப்பாற்றியது அந்த வாக்குமூலம்தான். (நீண்ட கைதட்டல்)

இந்த ஊருக்கு ஆயுதமில்லாத பலம் புதுசும் இல்லை. 1908லே கோரல் மில் வேலைநிறுத்தம். வ.உ.சி. தலைமையிலே தொழிலாளர்கள் நிற்கிறார்கள். அந்தப் பக்கம் வெள்ளைக்காரன், துப்பாக்கி, பட்டாளம். ஊர் என்ன செய்தது? ஒரு கதை சொல்வார்கள். ஒரு வக்கீல் சவரத்துக்கு உட்கார்ந்தார். பாதி முகம் வழித்தாச்சு. பேச்சுவாக்கிலே வ.உ.சி.யைக் குறைத்துச் சொல்லிவிட்டார். சவரத் தொழிலாளி கத்தியை மடக்கினார், பெட்டியைத் தூக்கினார், போய்விட்டார்! (சிரிப்பு) மிச்சப் பாதிக்கு ஊரிலே ஒருத்தரும் கத்தி எடுக்கவில்லை. பாதித் தாடியோடு அவர் திருநெல்வேலிக்கு ரயில் ஏறினாராம்! (பலத்த சிரிப்பு) பாருங்க, கையிலே கத்தி இருந்தது. கழுத்தும் எதிரே இருந்தது. ஆனால் அந்த மனுஷன் கத்தியை மடக்கினார். தூத்துக்குடியின் வீரம் கத்தியை ஓங்கினதிலே இல்லை, மடக்கினதிலே இருக்கிறது. அந்த வேலைநிறுத்தம் கூலி உயர்வோடு முடிந்தது.

மணி அடித்துவிட்டார்கள். முடிச்சிடறேன் ஐயா.

நாங்கள் கேட்பது மூன்றே மூன்று. 2018லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டம், கடைசித் தெரு டீக்கடை வரைக்கும் வரட்டும். 2020லே அதே நீதிமன்றம் ஒவ்வொரு காவல் நிலையத்திலேயும் வைக்கச் சொன்ன கேமரா, எப்போதும் கண் விழித்திருக்கட்டும். தப்பு செய்தவன் காக்கி போட்டிருந்தாலும் கைலி கட்டியிருந்தாலும், வழக்கு ஒரே வேகத்திலே ஓடட்டும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கரையிலே முத்துக் குளித்தார்களே, அந்த வழக்கத்தை இங்கே இருக்கிற பெரியவர்கள் சொல்வார்கள். இடுப்பிலே கயிறு, காலிலே கல். மூச்சை அடக்கிக்கொண்டு ஒருத்தன் கடலடிக்குப் போவான். மேலே தோணியிலே ஒருத்தன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழேயிருந்து ஒரு சுண்டு வந்தால் அடுத்த நொடி இழுக்கணும். கண் அசந்தால் உயிர் போச்சு. அந்தக் கயிற்றை யார் கையிலே கொடுப்பார்கள்? பலசாலி கையிலேயா? ஆயுதம் வச்சிருக்கிறவன் கையிலேயா? மச்சான் கையிலே கொடுப்பார்கள்! ஏன்? கீழே இருக்கிறவன் மேலே வராவிட்டால், தாலி அறுப்பது மேலே நிற்கிறவனுடைய கூடப்பிறந்த தங்கச்சி. ‘மலை ஏறினாலும் மச்சான் தயவு வேணும்’ என்று ஊர் ஊராகச் சொல்வார்கள். இந்த ஊர்க்காரனுக்குக் கடலுக்குள்ளே இறங்கினாலும் வேணும்.

ஊர்ஜனம் என்பது கீழே மூச்சடக்கிக் கிடக்கிறவன். காவல்துறை மேலே கயிறு பிடிக்கிறவன். அவன் கையிலே எவ்வளவு பெரிய துப்பாக்கி இருக்கு என்பது எங்களுக்கு வேண்டாம் ஐயா. நாங்கள் கயிற்றைச் சுண்டினால் அவன் இழுப்பானா? அதைச் சொல்லுங்கள். 2018 மே 22ஆம் தேதி இந்த ஊர் கயிற்றைச் சுண்டியது. மேலேயிருந்து வந்தது தோட்டா. அறுந்த அந்தக் கயிற்றை முடிச்சுப் போட வேண்டிய கை அரசாங்கத்தின் கை. அந்த முடிச்சு விழுகிற அன்றைக்குத்தான் எங்கள் பிள்ளைகள் ராத்திரி பயமில்லாமல் வீடு திரும்புவார்கள்.

நகர மக்களின் அச்சத்தைப் போக்க வல்லது நம்பிக்கையே, நம்பிக்கையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.  (கைதட்டல்)