ஒப்படைத்த பின்னும் தொடரும் பொறுப்பு

 

எங்கள் பெல்மதுளையிலும் இரத்தினபுரியிலும் மாணிக்கக்கல் வாங்குபவரை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கல்லைச் சுற்றியிருக்கும் தாளைப் பார்த்து அவர் விலை பேசுவதில்லை. மின்விளக்கின் கீழ் பார்த்த அளவில் மனம் நிறைவதுமில்லை. பகல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். உள்ளே வெடிப்பு உண்டா, சூடேற்றிய கல்லா என்று விசாரிப்பார். ஐயம் தீராவிட்டால் அனுபவசாலி ஒருவரிடமும் காட்டுவார். ஒரு கல்லுக்கு இத்தனை விசாரணை! நம்மைப் பெற்றவரை ஒரு முதியோர் இல்லத்தில் ஒப்படைக்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்?

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதே பெரும் பாவம் என்று கூறி இப்பேச்சை முடித்துக்கொள்வது எனக்கு எளிது. ஆயினும் நம்மூரின் நிலையை நான் அறிவேன். மகன் கட்டாரில், மகள் சவூதியில் வீட்டுப் பணியில், மருமகள் கைக்குழந்தையுடன் இரண்டு அறை வீட்டில், தாயோ எழுந்து நடக்க இயலாமல் படுக்கையில். தோட்டத்து லயங்களில் வாழும் நம் தமிழ் அயலவரின் நிலையும் இதுவே. பிள்ளைகள் கொழும்புக்குச் சென்றபின் கொழுந்து பறித்து ஓய்ந்த முதியவர் தனித்திருக்கிறார். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நம் நாட்டில் அறுபது வயதைத் தாண்டியோர் நூற்றுக்கு 12.4 பேர். அதன்பின் அவ்விகிதம் மேலும் உயர்ந்திருக்கிறது. ஆகவே சில குடும்பங்களுக்கு இந்த நிர்ப்பந்தம் வரவே செய்யும். வரும்போது நாம் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

அல்குர்ஆனின் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில், 23 ஆம் வசனத்தில், பெற்றோரின் முதுமையைப் பற்றிப் பேசும் இறைவன் அவர்கள் முதுமையை அடைவது "உம்மிடத்தில்" என்ற பொருள்படும் சொல்லையும் சேர்த்தே கூறுகின்றான். அவர்கள் எந்தக் கட்டிலில் படுத்திருந்தாலும் அவர்களது முதுமை நம்மிடத்தில்தான் இருக்கிறது என்ற படிப்பினையை நான் அச்சொல்லில் காண்கிறேன். மாதக் கட்டணம் செலுத்துவதால் அமானிதம் கைமாறிவிடாது. இதனை நான் கிதாபுகளில் ஓதியிருந்தேன். விளங்கிக்கொண்டது பிற்காலத்தில், வெட்கத்துடன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வெளிநாட்டிலிருந்து ஒரு சகோதரர் தொலைபேசியில் அழைத்தார். தம் தாயாரைச் சேர்க்க ஓர் இல்லத்தின் பெயரைக் கூறி, "மௌலவி, நீங்கள் பார்த்துச் சொன்னால் எனக்குப் போதும்" என்றார். நான் முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் சென்றேன். சுவர்கள் வெண்மையாக இருந்தன. முற்றத்தில் பூச்செடிகள். காரியாலயத்தில் தேநீர் தந்தார்கள். தொழுவதற்கென ஓர் அறையைத் திறந்து, மடித்து வைத்த முஸல்லாவைக் காட்டினார்கள். என் உள்ளம் நிறைந்துவிட்டது. "நல்ல இடம்" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதங்கள் கழித்து அவ்வழியே ஒரு ஜனாஸாவுக்குச் சென்று திரும்புகையில், அஸர் நேரத்தில், அறிவிக்காமல் உள்ளே நுழைந்தேன். என் மனைவியும் உடன் இருந்தார். அந்த மூதாட்டி நனைந்த துணியில் படுத்திருந்தார். மூக்குக்கண்ணாடி எங்கே என்பதை எவரும் அறியார். என்னைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றே: "மகன், அந்தத் தண்ணியக் கொஞ்சம் எடுத்துத் தாங்க." குவளை ஜன்னற்படியில், அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. என் மனைவி அவரைப் புரட்டிப் பார்த்தபோது இடுப்பின் பின்புறத்தில் படுக்கைப் புண். தொழுகை அறையின் முஸல்லா அன்று கண்ட அதே மடிப்பில் இருந்தது.

அங்கே இருபத்துநான்கு முதியவர்களுக்குப் பணிப்பெண்கள் இருவர். அவர்கள் கொடியவர்கள் அல்லர், களைத்தவர்கள். சகோதரர் விடுமுறையில் வந்து தாயை அழைத்துச் சென்றார். புண் ஆற நான்கு மாதங்கள் சென்றன. அவர் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அது இன்றும் என் நெஞ்சில் கனக்கிறது.

நேயர்களே! அன்று நான் பார்த்தது கட்டடத்தை. பார்த்திருக்க வேண்டியது மனிதரை. அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றைக் கூறுகிறேன்; குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, அறிவிக்காமல் செல்லுங்கள். ஒரு முறை உணவு நேரத்தில், ஒரு முறை மாலை மங்கிய பின், ஒரு முறை விடுமுறை நாளில். உணவு வைக்கப்படுகிறதா என்பதோடு நில்லாமல், ஊட்டப்படுகிறதா என்று பாருங்கள். தட்டை வைத்துவிட்டு, தொடாத தட்டையே திருப்பி எடுத்துச் செல்லும் இடங்கள் உண்டு.

இரண்டாவது, உடலைப் பாருங்கள். நகம், பல், கண்ணாடி, உடை. தாயாரின் உடலை மகளோ மருமகளோ பார்க்கட்டும். எழ இயலாதவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையேனும் புரட்டிப் படுக்க வைப்பது வழக்கமான நியதி. அது தவறினால் குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்கள் முதலில் சிவக்கும், பின்னர் புண்ணாகும். மாதந்தோறும் எடை பார்த்து எழுதுகிறார்களா என்று கேளுங்கள். காரணமின்றி ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை குறைந்தால் வைத்தியரிடம் காட்டியாக வேண்டும்.

மூன்றாவது, மருந்துப் பதிவேட்டைக் கேளுங்கள். எந்நேரமும் உறங்கிக்கொண்டே இருக்கும் முதியவர் நிம்மதியாக இருக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். தூக்க மாத்திரை கொடுக்கப்படுகிறதா, எந்த வைத்தியர் எழுதினார், கட்டிலோடு கட்டி வைக்கும் வழக்கம் உண்டா என விசாரியுங்கள்.

நான்காவது, மொழியைக் கவனியுங்கள். தமிழ் மட்டும் அறிந்த ஒரு மூத்தம்மாவுக்கு, வலிக்கிறது என்று அவர் மொழியில் கேட்டு விளங்க ஒருவரேனும் அங்கே உண்டா? பெண்ணுக்குப் பணிவிடை செய்யப் பெண் உண்டா? ஹலாலான உணவு, வுழூவுக்குத் தண்ணீர், இயலாதவருக்குத் தயம்மும் செய்ய உதவி, இவை கேட்டால்தான் கிடைக்குமா, கேளாமலே கிடைக்குமா?

ஐந்தாவது, எண்ணிக்கை. இரவில் விழித்திருப்போர் எத்தனை பேர் என்று கேளுங்கள். 2008 ஆம் ஆண்டு முதல் ஐக்கிய அமெரிக்காவில் பராமரிப்பு இல்லங்களுக்கு அரசு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் வழங்கி வருகிறது. ஆரம்பத்தில் ஊழியர் எண்ணிக்கையை இல்லங்கள் சொன்னபடியே ஏற்றார்கள். 2018 முதல் சம்பளப் பதிவுகளைக் கொண்டு கணக்கிடத் தொடங்கினார்கள். வாய்ச்சொல்லை விடப் பதிவேடு நம்பகமானது என்பது இதிலுள்ள பாடம். அவுஸ்திரேலியாவில் 2018 இல் அமைக்கப்பட்ட விசாரணை ஆணைக்குழு 2019 இல் வெளியிட்ட இடைக்கால அறிக்கைக்குச் சூட்டிய தலைப்பு ஒரே சொல்: "புறக்கணிப்பு". செல்வம் மிகுந்த நாட்டின் நிலை அது! அங்கே 2024 ஒக்டோபர் முதல் ஒவ்வொரு முதியவருக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு இருக்க வேண்டும் என்று விதித்துள்ளார்கள். நான் கண்ட இல்லத்தில் இரவும் பகலும் இருவர் இருந்திருந்தாலும், ஒருவருக்குக் கிடைப்பது 120 நிமிடமே. இக்கணக்கைப் போட எனக்குப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை. நான் போடவில்லை, அவ்வளவுதான்.

இவ்வாறு சோதிப்பது பிறரைச் சந்தேகிப்பதாகாதா என்று சிலர் கேட்கலாம். ஆகாது. நம் முன்னோர் சந்தைகளுக்கு முஹ்தஸிப் என்னும் மேற்பார்வையாளரை நியமித்தார்கள். தராசையும் படியையும் மட்டுமன்றி வைத்தியரையும் மருந்து விற்பவரையும் அவர் கண்காணித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூலில் அவர்களுக்கெனத் தனி அத்தியாயங்கள் உள்ளன. பலவீனரின் பொருட்டுக் கேள்வி கேட்பது நம் மரபு. முதியவரின் மதிப்பு மதத்தால் வேறுபடுவதுமில்லை. யாசித்துக்கொண்டிருந்த பார்வையற்ற முதிய யூதர் ஒருவரை உமர் (ரழி) அவர்கள் கைப்பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று உதவி, பைத்துல்மாலிலிருந்தும் உதவ ஆணையிட்டதை இமாம் அபூயூஸுப் தம் கிதாபுல் கராஜில் பதிந்துள்ளார். ஆகவே நீங்கள் உம்மாவைப் பார்க்கச் செல்லும்போது அடுத்த கட்டிலில் இருப்பவரிடமும், அவர் எவ்வினத்தவராயினும், நலம் கேளுங்கள். பார்க்க வருவோர் இல்லாதவரே அதிகம் புறக்கணிக்கப்படுகிறார்.

நம் நாட்டின் சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஐவருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேளுங்கள். குறை கண்டால் இல்லத்தின் பொறுப்பாளரிடம் முதலில் நேரே கூறுங்கள். திருந்தாவிட்டால் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுங்கள். அதே சட்டம், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரி முறையிடவும் வழி செய்திருக்கிறது. நம்மில் எவருடைய பெற்றோரும் அக்கதவைத் தட்டும் நிலை வராதிருக்கட்டும்.

இளைஞர்களே! கடைசியாக ஒன்று. இக்கேள்விகளை எழுதிய தாளை எடுத்துக்கொண்டு இன்றிரவு உங்கள் சொந்த வீட்டில், வாப்பாவின் கட்டிலருகே நின்று பாருங்கள். தண்ணீர்க் குவளை அவர் கைக்கு எட்டுகிறதா? அவர் கண்ணாடி எங்கே? இன்று அவரோடு எத்தனை நிமிடம் அமர்ந்தீர்கள்? மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்? இல்லத்தை அளக்கும் கோல் வீட்டையும் அளக்கும். அதில் தேறாத வீடுகள் நம்மிடையே உண்டு. வெளியார் வந்து பார்ப்பதில்லை என்பதால் தெரிவதில்லை.

பெற்றோர்களே! உங்களுக்குத் தேவையானதை வாய்விட்டுக் கேளுங்கள். பிள்ளைக்குப் பாரமாகிவிடுவோம் என்று வலியை மறைக்காதீர்கள். நீங்கள் கேட்பது அவர்கள் தர வேண்டிய உரிமை.

இறைவா! எங்களைச் சிறுவயதில் பேணி வளர்த்தோர் மீது அருள் புரிவாயாக. எங்கள் கைகளில் நீ தந்த அமானிதத்தை, நாங்கள் அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், கண்ணால் கண்டு காக்கும் பாக்கியத்தைத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.