கம்பளி கத்தரிக்கும் மின்கருவி

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், டன்லப் என்னும் பெரும் பண்ணையில், 1888-ஆம் ஆண்டு மந்தை முழுவதற்கும் இயந்திரத்தாலேயே உரோமம் கத்தரித்தார்கள். பிரடெரிக் உல்ஸ்லி அமைத்த கருவி அது. இன்று அதன் பேரப்பிள்ளைகள் மின்சாரத்தில் ஓடுகின்றன. அவற்றுள் எதை வாங்குவது?

விசைமிக்கதை வாங்கு என்பார் பலர். நான் முதலில் பார்ப்பது சீப்பைத்தான். கருவியின் முகப்பில் அசையாத சீப்பு ஒன்றும், அதன்மேல் இடமும் வலமும் ஓடும் வெட்டுத்தகடு ஒன்றும் உண்டு. குதிரைக்குரிய நெருங்கிய பற்கள், பிசுக்கு நிறைந்த ஆட்டு உரோமத்துள் நுழையா, அடைத்துக்கொண்டு சூடேறும். இடைவெளி மிகுந்தாலோ, மெல்லிய தோல்மடிப்பு பற்களிடையே புகுந்து கிழிபடும். ஆதலால் ஆட்டுக்கென்றே அமைந்த சீப்பு வேண்டும்.

வாலடி உரோமத்தை நீக்குவது வேறு வேலை. கழிச்சல் ஒட்டிக் கட்டியான அவ்விடத்தில் ஈ முட்டையிடும். புழுக்கள் உயிருள்ள தோலையே தின்னும். அதைத் தடுப்பதற்கு எடை குறைந்த, மின்கலத்தால் ஓடும் கருவி போதும். அக்கட்டியில் மண் கலந்திருக்குமாதலால் சீப்பு விரைவில் மழுங்கும். பழைய சீப்பொன்றை அதற்கென ஒதுக்குவது சிக்கனம்.

இருபது ஆடு உடையவருக்கு மோட்டார் கைப்பிடிக்குள்ளேயே அமைந்த கருவி பொருந்தும். ஆயிரம் உடையவர் மோட்டாரைக் கொட்டகையில் உயரத் தொங்கவிட்டு, வெட்டும் முகப்பை மட்டும் கையில் பிடிப்பார். நாள் முழுவதும் சுமப்பது மணிக்கட்டல்லவா?