மூவர் கூடினால் உழவர்க்குப் பயன்

(போடிநாயக்கனூர் வட்டாரக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் வட்டாரத்தில் விவரங்களுக்குப் பஞ்சமில்லை. போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடைபெறும் மின்னணு ஏலத்தில் வந்த சரக்கு எவ்வளவு, விற்றது எவ்வளவு, உச்ச விலை யாது, சராசரி விலை யாது என்பனவற்றை நறுமணப் பொருட்கள் வாரியம் வெளியிட்டு வருகிறது. ஆயினும் மலைச் சரிவில் காய் எடுப்பவர் செவிக்கு எட்டுவது பெரும்பாலும் உச்ச விலை ஒன்றே. அது தரமான ஓரிரு லாட்டுக்குக் கிடைப்பது. சந்தையின் பொது நிலையைக் காட்டுவது சராசரி விலையே. இவ்வேறுபாட்டை அறியாதவர், உச்ச விலையை நம்பிச் சரக்கை இருப்பு வைத்து நட்டப்படவும் கூடும். சராசரியை அறியாது வாசலில் வந்து கேட்பவருக்குக் குறைத்துக் கொடுக்கவும் கூடும்.

விவரம் உரியவரைச் சேர வழி யாது? செய்தியாளரும் கணினி நிரல் எழுதுவோரும் கூடிப் பேசுவதற்கென அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டு ‘ஹேக்ஸ்/ஹேக்கர்ஸ்’ என்னும் அமைப்பு தோன்றியது. பின்னர்ப் பல நாட்டு நகரங்களிலும் கிளைகள் ஏற்பட்டன. நம் நாட்டில் 2011-இல் பெங்களூரில் ‘டேட்டாமீட்’ தொடங்கப்பட்டது. பொது விவரங்களில் நாட்டமுள்ளோர் அதில் தாமே முன்வந்து கூடினர். நாடாளுமன்ற, சட்டமன்றத் தொகுதிகளின் எல்லைப் படங்களைத் தொகுத்து, எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டனர்.

இத்தகைய கூட்டங்களில் செய்தியாளர், “இவ்விலை யாருக்குக் கிடைத்தது?” என்று வினவுவார். நிரலாளர் நாள்தோறும் வரும் எண்களைச் சேர்த்து வரிசைப்படுத்துவார். வடிவமைப்பாளர் அவற்றை, எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் எளிதில் உணரும் படமாக்குவார். மூவரில் ஒருவர் குறைந்தாலும் வேலை அரைகுறையாகிவிடும். இம்மூவரும் அறியாததும் ஒன்றுண்டு. காயின் அளவும் நிறமும் உலர்த்திய பக்குவமும் விலையை எவ்வாறு மாற்றும் என்பதை உழவரே சொல்லவல்லார். எனவே நான்காவது இருக்கை உங்களுடையது.

விலையினும் உயிர் பெரிது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீக்கு, மலையேற வந்தோரில் இருபதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். செயற்கைக்கோள் கண்டறியும் தீயின் விவரம் இன்று எவர்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆனால் செயற்கைக்கோள் ஓரிடத்தை நாளில் சில முறையே கடக்கிறது. எந்தத் தடத்தில் ஆள் நடமாட்டம் உண்டு, எந்த ஓடையில் நீர் நிற்கும் என்பதை அறிந்தவர் ஊராரே. இவ்விரு விவரங்களும் ஒரே படத்தில் சேர்தல் வேண்டும்.

ஆகவே இரு மாதத்திற்கு ஒரு மாலை ஊராட்சிக் கட்டடத்தில் கூடுங்கள். செய்தியாளர் ஒருவரையும், கணினி கற்ற நம்மூர் இளைஞர் இருவரையும் அழையுங்கள். வடிவமைப்பாளர் நகரத்தில்தான் கிடைப்பார் என்று எண்ண வேண்டா. சுவரெழுத்து எழுதும் ஓவியரே போதும். முதற் கூட்டத்தில் ஒரே வேலை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு மாதத்துச் சராசரி விலையை ஊர்ப் பலகையில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் தீ அபாயப் படத்தைத் தொடங்கலாம். செய்ததை ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் வையுங்கள். பிழையிருப்பின் ஊரார் அங்கேயே திருத்துவர்.

பொதுப் பணத்தில் திரட்டிய விவரம் பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டும். அப்பணியை உங்கள் ஊரிலிருந்தே தொடங்குமாறு கேட்டுக்கொண்டு அமைகிறேன்.