சோம்பலா, சோகையா?



வெள்ளி விழா மேடையில் குடற்புழுவைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கல்வியைப் பற்றிப் பேசும் இடத்திலேதான் இதையும் பேசவேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இராயபுரத்தில் மூட்டை சுமப்பவரோ எண்ணூர் ஆலையில் ஒப்பந்தக் கூலியாக நிற்பவரோ நடுப்பகலில் சற்றே உட்கார்ந்துவிட்டால், 'சோம்பேறி' என்னும் சொல் எளிதில் வந்து விழுகிறது. அவர் பிள்ளை வகுப்பில் தூங்கினால் 'மந்தம்' என்கிறார்கள். நம் மக்கள்மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட சொற்கள் இவை. கேட்டுக் கேட்டு நம்மவரே அவற்றை நம்பத் தொடங்கியதுதான் கொடுமை.

கடல் கடந்த நாடுகளிலும் இக்கதை நடந்ததுண்டு. ஆல்ப்ஸ் மலையில் கோத்தார்டு இரயில் சுரங்கம் குடைந்த இத்தாலியத் தொழிலாளர்கள் வெளிறி, மூச்சிரைத்து வீழ்ந்தனர். 1880-இல் ஆராய்ந்தபோது அவர்கள் குடலில் கொக்கிப்புழு இருந்தது. 1902-இல் அமெரிக்கத் தென்மாநில ஏழைகளிடம் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்னும் அறிஞர் இந்நோயைச் சுட்டிக்காட்டியபோது, செய்தித்தாள் அதைச் 'சோம்பல் கிருமி' என்றது. சாதியையும் நிறத்தையும் பார்த்து இப்புழு வருவதில்லை. கழிப்பிடம் இல்லாத மண்ணையும் செருப்பில்லாத காலையும் பார்த்தே வருகிறது. மலத்தோடு மண்ணில் விழுந்த முட்டை பொரிந்து, இளம்புழு காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, நுரையீரல் வழியாகக் குடலை அடைந்து, அங்கே கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது.

ஆகவே, சோர்ந்திருப்பவரை ஏசுமுன் அவர் கண்ணின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உட்புறம் சிவந்திருக்கவேண்டும். வெளுத்திருந்தால் நாக்கையும் உள்ளங்கையையும் நகத்தையும் பாருங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா என்று கேளுங்கள். மண், பச்சரிசி, சாம்பல் தின்னும் பிள்ளையை அடிக்காதீர்கள். அது குறும்பன்று, இரத்தக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். இரவில் ஆசனவாயில் அரிப்பு என்றால் கீரிப்பூச்சி. பல்லைக் கடித்தால் பூச்சி என்பது பாட்டிமார் கணிப்பு. அதை மட்டும் நம்பலாகாது. நாக்குப்பூச்சி மலத்திலோ வாந்தியிலோ வெளிப்படுவதுண்டு. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் பிரியாமற்போனால் ஒரு நாழிகையும் தாமதியாமல் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

2015 முதல் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 முதல் 19 வயதுவரை உள்ளோருக்கு அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் மூட்டை சுமக்கும் தகப்பனுக்கு அந்நாளில் மாத்திரை இல்லை. அவர் தாமாகவே சுகாதார நிலையத்துக்குச் செல்லவேண்டும். கருவுற்றோர், குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், மருத்துவரைக் கேளாமல் இம்மாத்திரையை உண்ணலாகாது. புழு போனவுடன் இழந்த இரத்தம் திரும்பிவிடாது. இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும். அதனால் மலம் கறுத்தால் அஞ்சி நிறுத்திவிடாதீர்கள். சோகைக்குக் காசம் முதலிய வேறு காரணங்களும் உண்டாதலால், இரத்தத்தையும் மலத்தையும் சோதித்தே முடிவு செய்யவேண்டும்.

மலத்தை டப்பியில் எடுத்துச் செல்ல நம் இளைஞர்கள் நாணுகிறார்கள். ஊரார் கழிவையெல்லாம் சுமக்க வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்த நாணம் வருவது இயல்பே. அதை நாங்கள் பழிக்கமாட்டோம். ஆயினும் இந்த டப்பி நமக்காக நாம் எடுத்துச் செல்வது. காலையில் எடுத்ததை அன்றே ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் கொக்கிப்புழுவின் முட்டை பொரிந்துவிடும், கண்டறிவது கடினமாகும்.