வெள்ளையடிக்கும் முன்னே வில்லங்கம் பாருங்கள்

வீட்டை விற்பது என்று முடிவானவுடன் நம் ஊர்ப்பக்கம் முதலில் சொல்லி அனுப்புவது பெயின்டருக்கு. சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, முகப்புக்கு ஆரஞ்சோ பச்சையோ அடித்து, கேட்டுக்கு எனாமல் பூசி முடித்த பிறகு தரகரிடம் சொல்கிறோம். அவர் ஆள் கூட்டி வருகிறார். வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, வீடு பிடித்திருக்கிறது என்கிறார். முன்பணம் பேசும்போது பத்திர நகல் கேட்கிறார். அப்போதுதான் பீரோவைத் திறக்கிறோம். பேச்சு அறுந்துபோவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். தருமபுரி மாவட்டத்தில் வீடு விற்க நினைக்கிறவர், பெயின்ட் டப்பாவுக்கு ஒதுக்கும் பணத்தையும் நேரத்தையும் முதலில் பத்திரக் கட்டுக்கும் தண்ணீருக்கும் ஒதுக்க வேண்டும் என்பதே என் கட்சி.

வாங்க வருகிறவர் யார் என்று யோசித்தால் காரணம் விளங்கும். ஒசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துக்கொண்டு, தருமபுரியிலோ பாலக்கோட்டிலோ அரூரிலோ சொந்தமாக ஒரு வீடு தேடுகிற சம்பளக்காரரிடம் முழுத்தொகையும் கையில் இருக்காது. அவரோடு கூடவே ஒரு வங்கியும் வீடு பார்க்க வருகிறது. வங்கியின் வழக்கறிஞர் பத்திரத் தொடர்ச்சியைப் படிக்கிறார். பொறியாளர் கட்டடத்தை அளந்து அனுமதி வரைபடத்தோடு ஒப்பிடுகிறார். இரண்டு அறிக்கையிலும் சுவரின் நிறத்துக்கு இடம் கிடையாது. செலவையும் பாருங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சம் ரூபாய்க் கிரயம் என்றால் 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் பதிவுக்கே போய்விடும். பொதுவாக இதற்கு வங்கிக் கடன் கிடைக்காது, சேமிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்படி எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவர், காகிதத்தில் ஒரு சிறு இடறல் தெரிந்தாலும் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

அந்த இடறல்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன? தாய்ப்பத்திரத்திலிருந்து உங்கள் பெயர் வரைக்கும் கண்ணி அறாமல் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பார்க்கிற சிலருக்குத் தூக்கிவாரிப் போடும். வீட்டுக்கடனை அடைத்துப் பல வருஷம் ஆகியிருக்கும். ரசீது ஆவணம் பதிவு செய்யாமல் விட்டதால், அடமானம் இன்னும் உயிரோடு நிற்கும். பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கும். பத்திரத்தின் செக்குபந்தியில் ‘கிழக்கே இன்னார் நிலம்’ என்று எழுதியிருக்கும். அந்த நிலம் இப்போது மூன்று வீடும் ஒரு சந்தும் ஆகியிருக்கும். பத்திரத்தில் 1,200 சதுர அடி, சங்கிலி பிடித்தால் 1,150. இதையெல்லாம் சர்வேயரை வைத்து அளந்து, உட்பிரிவு செய்து, பட்டா மாற்றித் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம். ஆள் வந்து நிற்கும்போது அந்த மாதங்களை எங்கிருந்து கொண்டுவருவது? அரசு கொடுத்த மனைப்பட்டா என்றால் விற்பதற்கு நிபந்தனை இருக்கும், அதைப் படிக்காமல் பேச்சுத் தொடங்கவே கூடாது. அங்கீகாரம் இல்லாத மனைகளின் கதை தனி. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பத்திரப் பதிவைத் தடுத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு விதிகள் கொண்டுவந்தது. வரன்முறை ஆணை இல்லாத மனைமேல் கட்டிய வீட்டை எவ்வளவு அழகாக வைத்திருந்தாலும் கடன் கொடுக்க வங்கி தயங்கும்.

பெண்பிள்ளைகளின் பங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தங்கச்சிக்குச் சீர் செய்து அனுப்பியாகிவிட்டது, அவளுக்கு இதில் என்ன என்று கேட்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956-இல். தகப்பனார் தாமே சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது அன்றிலிருந்தே சட்டம். பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இலும், நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-இலும் மகளுக்குப் பங்கு கொடுத்தன. 2005-இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்துச் சொன்னது. ஆகவே கூடப் பிறந்தவளின் கையெழுத்தோ விடுதலைப் பத்திரமோ இல்லாத வீட்டை வாங்குகிறவர், வீட்டோடு ஒரு வழக்கையும் வாங்குகிறார். இன்று அது வாங்குகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இனி தண்ணீர். மற்ற ஊர்களில் வீடு பார்க்க வருகிறவர் ‘தண்ணீர் வருமா’ என்று கேட்பார். தருமபுரியில் ‘என்ன தண்ணீர்’ என்றும் கேட்பார். நம் பாறையடி நீரில் ஃபுளோரைடு கலந்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய நீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தால் பல்லில் காவி படியும், நாள்பட எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை தவறு. நீர் ஆவியாகி, ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், 2013-இல் இயங்கத் தொடங்கியதே இந்தத் தொல்லைக்காகத்தான். காவிரித் தண்ணீர்தான் குழாயில் வருகிறதே, போர்வெல்லைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று கேட்கலாம். குழாய் வராத நாளில் எல்லோரும் போர்வெல் மோட்டாரைத்தான் போடுகிறோம் என்பது வாங்க வருகிறவருக்கும் தெரியும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் போர்வெல் நீரைப் பரிசோதித்த தாள், போர் போட்ட ஆண்டு, ஆழம், குழாய் இணைப்பின் ரசீது, மழைநீர்த் தொட்டி இருக்கும் இடம் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற வீட்டுக்காரர் இங்கே அபூர்வம். அதனாலேயே அவர் வீடு தனித்துத் தெரியும்.

ஃபுளோரைடு அதிகம் என்று தாளில் வந்துவிட்டால்? குறையை நாமே சொன்னால் விலை இறங்கிவிடாதா? இதுதான் என் வாதத்துக்குக் கனமான எதிர்ப்பு. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர். எது நல்ல கார், எது ஓட்டை என்று வாங்குகிறவருக்குத் தெரியாதபோது எல்லாக் காரும் ஓட்டையாக இருக்கலாம் என்றே அவர் விலை கேட்பார், அந்த விலைக்கு நல்ல காரை யாரும் விற்க மாட்டார்கள் என்பது அக்கர்லாஃப் கண்ட சிக்கல். வீட்டுக்கும் அதே கணக்கு. மறைத்த குறைக்கு மட்டும் விலை குறைவதில்லை. இருக்குமோ என்ற சந்தேகத்துக்கே குறைகிறது. தண்ணீர் குடிக்க ஆகாது, புழங்கலாம் என்று எழுத்தில் சொன்னால் சுத்திகரிப்புக் கருவியின் விலையளவுக்குப் பேரம் நடக்கும். சொல்லாமல் விட்டாலோ, வாங்க வருகிறவர் பக்கத்து வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, இன்னும் எதையெல்லாம் மறைத்தார்களோ என்று ஒரு லட்சம் குறைத்துக் கேட்பார். சட்டமும் இந்தப் பக்கம்தான். சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை தனக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. ஓதம் ஏறிய சுவரைப் பட்டி பூசி மூடுகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. மூடினாலும் ஐப்பசி மழை காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியானால் வீடு அழுக்காகவே கிடக்கட்டுமா என்றால், இல்லை. ஒட்டடை அடித்து, ஒழுகும் குழாய்க்கு வாஷர் போட்டு, கூடத்தில் அடுக்கிய மூட்டை முடிச்சுகளை அப்புறப்படுத்தினாலே அறை பெரிதாகத் தெரியும். அதற்கு ஆகிற செலவு சொற்பம். புதிய டைல்ஸும் தொங்கு கூரையும் வேறு சமாசாரம். உங்கள் ரசனைக்கு வாங்குகிறவர் முழு விலை தர மாட்டார். வாஸ்துவுக்காகச் சமையலறையை இடித்துக் கட்டுவது அதைவிட வீண். வருகிறவர் கூட்டிவரும் ஜோசியர் வேறு கணக்குச் சொல்வார்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. வீடு அமைந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் பலரும் லட்சக்கணக்கில் முன்பணத்தை ரொக்கமாகக் கொடுத்து வாங்குகிறார்கள். வீடு, மனை விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை; வாங்கிய தொகையளவுக்கே அபராதம் விதிக்கலாம். காசோலையிலோ வங்கிக் கணக்கிலோ வாங்குங்கள். அடுத்த வாரம் வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருந்தால், பத்து நாள் கழித்து வரச் சொல்லுங்கள். அதற்குள் முப்பது வருஷத்து வில்லங்கத்தை எடுத்து, பத்திரத்திலும் பட்டாவிலும் ஆதாரிலும் உங்கள் பெயரும் தகப்பனார் பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வகத்தில் கேட்டுக்கொண்டு, சுத்தமான பாட்டிலில் போர்வெல் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.